இரண்டு டிக்கெட், ஒரு வாக்கு: பாடாங் செராய், 2022

2022 நவம்பர் 19, சனிக்கிழமை, மலேசியாவில் பொதுத் தேர்தல் நாள். நாடே இடது கை ஆள்காட்டி விரலில் மை வைத்துக்கொண்டு படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. அன்று காலை ஒரு பையன் என் நகல் கடைக்கு வந்தான். கோலாலம்பூரிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவன், கண் சிவந்திருந்தது. மேசைமேல் கையை விரித்து வைத்து, "பாருங்கள் அண்ணா, கழுவி வைத்தது மாதிரி இருக்கிறது" என்றான்.

ஒரு வேட்பாளர் இறந்ததால் எங்கள் பாடாங் செராய் தொகுதியில் மட்டும் தேர்தல் தள்ளிப்போய்விட்டது என்று அவனுக்கு மூன்று நாளைக்கு முன்பே தெரியும். டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டதால், அம்மாவையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பி வந்திருந்தான். புது வாக்களிப்பு நாளான டிசம்பர் 7ஆம் தேதி வருவாயா என்று கேட்டேன். கிழமை என்ன என்றான். புதன் என்றேன். பதில் சொல்லாமல் கையை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டான்.

அந்த ஒரு தொகுதியில், அந்தப் பதினெட்டு நாளில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கட்சிக்காரன் இல்லை. தேர்தல் வந்தால் என் கடையில் ஒரே வேலைதான். ஐசியை (அடையாள அட்டையை) நீட்டுவார்கள், நான் தேர்தல் ஆணையத்தின் பக்கத்தில் எண்ணைத் தட்டி, எந்தப் பள்ளி, எத்தனையாவது சாலுரான் (வாக்களிக்கும் வரிசை), பட்டியலில் எத்தனையாவது எண் என்று துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பேன். அந்த மேசையிலிருந்து பார்த்தால் தெரிந்ததுதான் இது.

ஊரும் வாக்காளரும்

பாடாங் செராய் கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கூலிம் மாவட்டத்தில் இருக்கிறது. பாடாங் என்றால் திடல், செராய் என்றால் எலுமிச்சைப்புல். அந்தப் புல்வெளியை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ரப்பர்ப் பால்மரமும், பிறகு அதைச் சாய்த்துவிட்டு நட்ட செம்பனையும்தான். விக்டோரியா, ஹென்ரியட்டா என்று வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் பெயரைச் சுமந்த தோட்டங்கள் சுற்றிலும் இருந்தன. பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பலகையில் இன்னும் இருக்கின்றன.

தோட்டத்தில் வாக்கு என்றால் என் சிறு வயது நினைவு ஒரு லாரிதான். வாக்களிப்பு நாளில் காலைப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, கிடையாது. லாரி லயத்து (தொழிலாளர் வீட்டு வரிசை) முன்னால் வந்து நிற்கும். என் அம்மா கோயிலுக்குப் போவது போல் சேலை மாற்றிக்கொண்டு ஏறுவார். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடுவார். பள்ளியில் இறக்கிவிட்டு, போட்டு முடித்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார்கள். யாருக்குப் போட்டாய் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை, கேட்க அவசியம் இருந்ததில்லை. தராசுக்குத்தான், அன்று நாட்டை ஆண்ட தேசிய முன்னணியின் சின்னம். அதற்கு முந்திய தலைமுறைக்குக் கப்பல், கூட்டணிக் கட்சியின் பாய்மரக் கப்பல். 1955இல் சுதந்திரத்துக்கு முன் நடந்த முதல் தேர்தலில் 52 இடங்களில் 51ஐ அந்தக் கப்பல் அள்ளியது. அன்றைய வாக்காளர் பட்டியலில் இந்தியர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. காரணம் எளிது: பெரும்பாலோர் இன்னும் குடியுரிமை பெறவில்லை.

அந்தக் கணக்கு 1957க்குப் பிறகும் முழுதாகத் தீரவில்லை. சுதந்திர நாளுக்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தை, 1962 வரை, பிறந்ததாலேயே குடிமகன் ஆனது. அதற்கு முன் பிறந்தவர்கள் மனுப்போட்டு வாங்க வேண்டியிருந்தது. முதல் ஓராண்டுக்கு மலாய் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தியிருந்தார்கள். அந்த ஓராண்டில் தோட்டத்துக்குள் எத்தனை பேருக்குச் செய்தி வந்தது, வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கிராணி (தோட்டத்து எழுத்தர்) பாரம் நிரப்பிக் கொடுத்தார் என்பதெல்லாம் அந்தந்தத் தோட்டத்தின் அதிர்ஷ்டம். இந்தத் தேர்தலின்போதும் ஒரு பெரியவர் சிவப்பு ஐசியை நீட்டினார். நிரந்தரவாசி. இந்த மண்ணில் பால் வெட்டி, இந்த மண்ணில் பேரன் பெற்றவர். பேரன் வாக்காளர், அவர் இல்லை. எண்ணைத் தட்டினால் பெயர் வராது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்து தட்டிப் பார்க்கச் சொல்வார். நானும் தட்டுவேன்.

இப்போது லயங்களின் நிலை வேறு. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தது. பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள். பிறகு பினாங்கு, கோலாலம்பூர், ஜொகூர், அங்கிருந்து சிங்கப்பூர். மிச்சமிருக்கும் லயங்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் குடியிருக்கிறார்கள். ஆகத் தோட்டத்தில் இருப்பவருக்கு வாக்கு இல்லை, தோட்டத்து முகவரியில் வாக்கு உள்ளவர் தோட்டத்தில் இல்லை. இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வருவதெல்லாம் விளங்கும்.

அரசியல் ருசி அறிந்த தொகுதி

வெளியூர்க்காரர்கள் நினைப்பது போல் இது ஒன்றும் தூங்கிவழியும் தொகுதி அல்ல. இதன் கீழ் மெர்பாவ் பூலாஸ், லூனாஸ் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். லூனாஸை மலேசியாவே அறியும். 2000 நவம்பர் 29இல் அங்கே நடந்த இடைத்தேர்தலில், தேசிய முன்னணியைச் சேர்ந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) வைத்திருந்த இடத்தை எதிர்க்கட்சியான கெஅடிலானின் வேட்பாளர் சைஃபுடின் நசுத்தியோன் 530 வாக்கு வித்தியாசத்தில் பிடித்தார். கெடா சட்டமன்றத்தில் தேசிய முன்னணியின் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை அதோடு போயிற்று. அன்று வெளியூர்ப் பஸ்களைச் சாலையில் மறித்து, உள்ளே இருப்பவர்கள் ஆவி வாக்காளர்கள் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. பஸ்ஸில் ஆள் ஏறி வாக்குப்போட வருவது குற்றம் என்று அன்று ஊர் பேசியது. இருபத்திரண்டு ஆண்டு கழித்து, பஸ் ஏறி வராத வாக்காளரை நினைத்து நான் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

2008 மார்ச் 8இல் நாடாளுமன்றத் தொகுதியும் கைமாறியது. கெஅடிலானின் என். கோபாலகிருஷ்ணன் ஜெயித்தார். 2011இல் கட்சியை விட்டு விலகிச் சுயேச்சை ஆனார். அவரை அனுப்பிய வாக்காளரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்கச் சொல்லும் சட்டமும் அப்போது இல்லை. கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2022 அக்டோபர் 5ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. 2013இல் என். சுரேந்திரன், 2018இல் எம். கருப்பையா. மூவரும் ஒரே கட்சி, ஒரே கண் சின்னம். 2018 மே 9இல் அறுபத்தொரு ஆண்டு ஆட்சி கவிழ்ந்தபோது எங்கள் தொகுதி புதிதாக எதையும் செய்யவில்லை. ஏற்கெனவே பத்தாண்டாகச் செய்துகொண்டிருந்ததைத் திரும்பச் செய்தது.

நடந்தது

வேட்புமனு நாள் நவம்பர் 5. ஆறு பேர் நின்றார்கள். கருப்பையா, கெஅடிலான் இருந்த பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி சார்பில், தேசிய முன்னணிக்கு ம.இ.கா.வின் சி. சிவராஜ், பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணிக்கு அஸ்மான் நஸ்ருடின், அவர்களோடு பெஜுவாங், வாரிசான் வேட்பாளர்கள், ஒரு சுயேச்சை.

நவம்பர் 15, முன்கூட்டியே வாக்களிக்கும் நாள். மறுநாள், 16ஆம் தேதி புதன்கிழமை, கருப்பையா காலமானார். வாக்களிப்புக்கு மூன்று நாள் இருந்தது.

வேட்புமனு ஏற்கப்பட்ட பின், வாக்களிப்புக்கு முன் ஒரு வேட்பாளர் இறந்தால் அந்தத் தொகுதியில் தேர்தல் நின்றுவிடும் என்பது நம் நாட்டு விதி. புது நாள் குறித்தார்கள்: நவம்பர் 24 வேட்புமனு, டிசம்பர் 3 முன்வாக்களிப்பு, டிசம்பர் 7 வாக்களிப்பு. ஏற்கெனவே மனுப்போட்டவர்கள் திரும்பப் போட வேண்டியதில்லை. இறந்தவரின் கட்சிக்கு மட்டும் புது ஆள், முகமட் சோஃபி ரசாக். பாஹாங்கில் தியோமான் சட்டமன்றத் தொகுதியிலும் ஒரு வேட்பாளர் வாக்களிப்பு நாளன்றே இறந்துபோனதால் அதுவும் டிசம்பர் 7க்குப் போயிற்று.

இதற்கிடையில் நாடு சும்மா இருக்கவில்லை. 19ஆம் தேதி யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பக்காத்தானுக்கு 82, பெரிக்காத்தானுக்கு 73, தேசிய முன்னணிக்கு 30. ஐந்து நாள் இழுபறி. கடைசியில் நவம்பர் 24ஆம் தேதி மாலை அன்வார் இப்ராஹிம் பத்தாவது பிரதமராகப் பதவியேற்றார். எங்கள் தொகுதியில் புது வேட்புமனு ஏற்ற அதே நாள். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு எங்களிடம் வந்து உப்பு போதுமா என்று கேட்டது போல இருந்தது.

பதவியேற்பு முடிந்ததும் இன்னொரு சிக்கல் முளைத்தது. பக்காத்தானும் தேசிய முன்னணியும் இப்போது ஒரே அரசாங்கம். ஒரே அரசாங்கத்தின் இரண்டு ஆட்கள் ஒரே தொகுதியில் எதிரெதிரே நிற்க முடியுமா? தேசிய முன்னணி ஒதுங்கிக்கொண்டு பக்காத்தானுக்கு ஆதரவு என்றது. சிவராஜ் விலகிக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் ஒருமுறை வேட்பாளர் ஆகிவிட்டால் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து எடுக்க வழியில்லை. ஆள் விலகினார், தராசு தாளில் இருந்தது.

பாட்டியும் தராசும்

எங்கள் தாமானில் (வீட்டுக் குடியிருப்பில்) ஒரு பாட்டி இருக்கிறார். வயது எண்பத்து மூன்று, இந்த நாட்டை விடப் பதினெட்டு வயது மூத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. முதல் வாக்கு கப்பலுக்கு, அதன் பிறகு தராசுக்கு. 2008இல் ஊரே கண்ணுக்குப் போட்டபோதும் அவர் மாறவில்லை. "எனக்கு அந்த ஒரு படம்தான் தெரியும்" என்பார். இதை அறியாமை என்று சிரிப்பவர்கள் உண்டு. படிக்கத் தெரியாத ஒருவர் அறுபது ஆண்டாகத் தவறாமல் தேர்தலில் கலந்துகொண்டதற்கு அந்த ஒரு படம்தான் துணை என்பதை யோசித்தால் சிரிப்பு வராது.

டிசம்பர் முதல் வாரத்தில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். தராசுக்குப் போடாதே என்று தராசுக்காரர்களே சொல்கிறார்களாமே, உண்மையா என்று கேட்டார். உண்மைதான் பாட்டி என்றேன். "பிறகு எதற்குத் தாளில் வைத்திருக்கிறார்கள்?" என்றார்.

நான் விதியைச் சொல்லிப் பார்த்தேன். பெயரை எடுக்க முடியாது, தாள் அச்சாகிவிடும், சட்டம் அப்படி. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கல்யாணம் வேண்டாம் என்று ஓடிப்போன மாப்பிள்ளையின் பெயரைப் பத்திரிகையில் அப்படியே விட்டுவிட்டு மொய் எழுத வரச்சொல்வது போல் இருக்கிறது என்றார். கடையில் நின்றிருந்த நான்கு பேரும் சிரித்தோம். பேத்தி, பத்தொன்பது வயது, முதல் வாக்கு, தன் கைத்தொலைபேசியில் புதுச் சின்னத்தைக் காட்டிக் காட்டி விளக்கினாள். கண் சின்னமும் இந்தத் தடவை இல்லை. பக்காத்தான் தன் சொந்தச் சின்னத்தில் நின்றது. பாட்டிக்கு அது ஒரு சிவப்புக் கட்டம், அவ்வளவுதான்.

டிசம்பர் 7 இரவு எண்ணி முடித்தபோது தராசுக்கு 2,983 வாக்குகள் இருந்தன. பத்தாயிரம் வெள்ளி வைப்புத்தொகையைக் காப்பாற்ற எட்டில் ஒரு பங்கு வாங்க வேண்டும், இது அதற்குப் பக்கத்திலும் வராது. அந்த 2,983 பேரில் எத்தனை பேர் வேண்டுமென்றே போட்டார்கள், எத்தனை பேர் சேதி தெரியாமல் போட்டார்கள், எத்தனை பேர் பழகிய படத்தைத் தேடிப் போட்டார்கள் என்று பிரித்துப் பார்க்க ஒரு வழியும் இல்லை. செல்லாத வாக்கு என்று தள்ளினால்கூட ஒரு கணக்கு இருக்கும். இவை செல்லுபடியான வாக்குகள், ஆனால் வாங்க மாட்டேன் என்றவருக்குப் போனவை. நவம்பர் 5ஆம் தேதி அச்சுக்குப் போன பெயருக்கு ஓர் அர்த்தம், டிசம்பர் 7ஆம் தேதி அதே பெயருக்கு வேறு அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் சிக்கியவர்கள் செய்தித்தாள் படிக்காதவர்கள்.

பஸ் ஏறாதவர்கள்

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அஸ்மான் நஸ்ருடின் 51,637. சோஃபி ரசாக் 35,377. வித்தியாசம் 16,260. அதே பருவத்தில் கெடாவில் வீசிய காற்றைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 12இல் நடந்த மாநிலத் தேர்தலில் 36 இடங்களில் 33ஐ பெரிக்காத்தானே வென்றது. ஆகவே தேர்தல் தள்ளிப்போனதால்தான் தோற்றோம் என்று எங்கள் ஊர் டீக்கடையில் சிலர் பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 16,260 என்பது பஸ் டிக்கெட்டால் நிரப்பக்கூடிய பள்ளம் என்று எனக்குத் தோன்றவில்லை. நவம்பர் 19இலேயே நடந்திருந்தால் வித்தியாசம் குறைந்திருக்கலாம். முடிவு மாறியிருக்கும் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை.

என் அக்கறை வேறு. நாட்டில் நூற்றுக்கு 74 பேர் அளவுக்கு வாக்களித்தார்கள், எங்கள் தொகுதி எழுபதைத் தொடவில்லை. வராமல் போனவர்கள் யார்?

என் கடையில் இரண்டு முறை துண்டுத்தாள் வாங்கியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். நவம்பருக்கு ஒன்று, டிசம்பருக்கு ஒன்று. சிலர் முதல் தாளை வாங்கினார்கள், இரண்டாவதுக்கு வரவில்லை. அவர்களில் யார் வரவில்லை என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பென்ஷன்காரர் வந்தார். பள்ளி ஆசிரியர் வந்தார். சொந்தக் காரில் பினாங்கிலிருந்து வருபவர் வந்தார். ஜொகூரில் லாரி ஓட்டுபவர் வரவில்லை. சிங்கப்பூரில் பெயர்ப்பலகை பொருத்தும் வேலையில் இருப்பவர் வரவில்லை. நவம்பர் 18, 19 இரண்டு நாளையும் நாடு முழுவதும் பொது விடுமுறையாக அறிவித்திருந்தார்கள், ஊருக்கு வந்து போக அது போதும். டிசம்பர் 7க்கு நாடு தழுவிய விடுமுறை இல்லை. முதலாளி வாக்களிக்க நேரம் கொடுத்தே ஆக வேண்டும், அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று 1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம் சொல்கிறது. சொல்வது 'நியாயமான நேரம்'. கூலிமில் வேலை செய்பவருக்கு இரண்டு மணி நேரம் நியாயம்தான். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு நியாயமான நேரம் இரண்டு நாள். அதைக் கேட்டுப் பார்த்த ஒரு பெண்ணிடம் அவள் மேற்பார்வையாளர், உன் தேர்தல்தான் போன மாதமே முடிந்துவிட்டதே என்றாராம். அவர்மேல் தப்பில்லை. நாட்டுக்கு அது முடிந்துதான் போயிருந்தது.

பக்கத்து வரிசையில் ஓர் அக்கா இருக்கிறார், இட்லி மாவு அரைத்து விற்பவர். இரண்டு பையன்களும் ஜொகூரில். நவம்பருக்கு இருவரும் டிக்கெட் எடுத்திருந்தார்கள். டிசம்பருக்கு ஒருவனுக்குத்தான் அக்காவால் டிக்கெட் எடுத்துக்கொடுக்க முடிந்தது. எந்தப் பையனை வரவழைப்பது என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு. பெரியவன் சம்பளம் அதிகம், விடுப்பு எடுத்தால் நட்டமும் அதிகம். சின்னவன்தான் வந்தான். குடும்பத்துக்கு மூன்று வாக்கு, அனுப்பி வைத்தது இரண்டு.

முகவரி என்ற முடிச்சு

ஏன் அவர்கள் இருக்கும் ஊரிலேயே வாக்கை வைத்துக்கொள்ளக் கூடாது? கேள்வி நியாயமானது. வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்காமல் விடுவதில்லை.

2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயது ஆனவர் எல்லாம் தாமாகவே வாக்காளர். முன்பு இருபத்தொரு வயதாக வேண்டும், மனுப்போட வேண்டும். அந்த மாற்றத்துக்குப் பிறகு வாக்காளர் எண்ணிக்கை 2018இன் 1 கோடியே 49 லட்சத்திலிருந்து 2 கோடியே 11 லட்சம் ஆயிற்று. நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மனுப்போடச் சொல்லித் தர ஆள் இல்லாத குறை ஒரே நாளில் தீர்ந்தது. ஆனால் அந்தப் பதிவு ஐசியில் உள்ள முகவரியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஐசி பன்னிரண்டு வயதில் எடுத்தது. அதில் இருப்பது அப்பா வேலை செய்த தோட்டத்து லயத்தின் எண்.

மாற்றலாம். தேசியப் பதிவிலாகாவில் ஐசி முகவரியை மாற்ற வேண்டும். அதோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. வாக்காளர் பட்டியலில் தொகுதி மாறத் தேர்தல் ஆணையத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் கதவைத் திறந்தவர் இரண்டாவது கதவு இருப்பதே தெரியாமல் வாக்களிப்பு நாளன்று வந்து நிற்பதை நான் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.

இதுகூடச் சின்ன விஷயம். தெரிந்தவர்களே மாற்ற மாட்டேன் என்கிறார்களே, அதுதான் முடிச்சு. அந்த மாவு விற்கும் அக்காவின் பையன்கள் வாழும் இடம் ஜொகூரில் ஒரு வாடகை அறை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறும் அறை. எந்த அறையை ஐசியில் போடுவது? வேறு சிலருக்கு வேறு கணக்கு. தோட்டம் விற்கப்பட்டு லயத்தைக் காலி செய்யச் சொன்னால், மாற்று வீடோ நட்ட ஈடோ பேசும்போது இங்கே குடியிருந்தோம் என்பதற்குக் கையில் இருக்கும் முதல் சான்று அந்த முகவரிதான். அதை யாராவது விட்டுக்கொடுப்பார்களா? வாக்குச் சாவடிக்காக வீட்டு உரிமையைப் பணயம் வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, அப்படியானால் அஞ்சல் வாக்கு கொடுத்துவிட வேண்டியதுதானே? வெளிநாட்டில் இருப்பவர்களில் பலருக்கு உண்டு. உள்நாட்டிலேயே வேறு மாநிலத்தில் இருக்கும் சாதாரணத் தொழிலாளிக்கு 2022இல் அந்த வழி இல்லை. எல்லாருக்கும் கொடுங்கள் என்று ஐந்து ஆண்டுக்கு முன் நானும் சொல்லியிருப்பேன். இப்போது தயங்குகிறேன். மறுபடி அந்த லாரி நினைவுக்கு வருகிறது. லாரியில் ஏற்றிப் போன மண்டோர்கூட, அட்டை மறைப்புக்குப் பின்னால் என் அம்மா பென்சிலைப் பிடித்த நொடியில் அங்கே இல்லை. அந்த ஒரு நொடியில் அம்மா தனியாள். வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்தால் அந்த நொடி போய்விடும். விடுதி அறையில் பத்துப் பேர் தங்கியிருக்கும் இடத்தில், ஆள்பிடித்துக் கொடுக்கும் குத்தகைக்காரர் எல்லா உறையையும் வாங்கிக்கொண்டு போனால் யார் கேட்பது? வாக்குச்சீட்டில் எண் இருக்கிறதே, நாம் யாருக்குப் போட்டோம் என்று கண்டுபிடிப்பார்களா என்று இன்றைக்கும் என்னிடம் மெல்லிய குரலில் கேட்பவர்கள் இருக்கிற ஊர் இது.

அதனால் எனக்குச் சரியாகப் படுவது நடுவழி. ஜொகூரில் இருக்கும் பாடாங் செராய் வாக்காளர், ஜொகூரிலேயே ஒரு பள்ளியில், ஒரு மறைப்புக்குப் பின்னால், முன்வாக்களிப்பு நாளில் தன் தொகுதித் தாளில் போட்டுவிட்டுப் போகட்டும். போலீஸ்காரருக்கும் ராணுவத்தினருக்கும் முன்வாக்களிப்பு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஆள் கூட்டினால் செலவு கூடும், பெட்டிகளைக் காவலோடு கொண்டுவர வேண்டும், முகவர்கள் எல்லா ஊரிலும் உட்கார வேண்டும். உட்காரட்டும்.

இறப்பு விதி

ஒரு வேட்பாளரின் சாவு எண்பது கிலோமீட்டர் நீளத் தோரணத்தையும் கழற்றி வைக்கச் செய்யலாம். மரியாதை அது. அவர் பெயரைத் தாளில் வைத்துக்கொண்டு வாக்குக் கேட்பது எந்தக் கட்சிக்கும் அழகில்லை. ஆனால் நம் விதி யார் இறந்தாலும் ஒரே மாதிரி. நூறு வாக்கு வாங்கப்போகும் சுயேச்சை இறந்தாலும் முழுத் தொகுதியும் நிற்கும். இந்தியாவில் 1996இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இறந்தால் மட்டும் தேர்தல் தள்ளிப்போகும், அந்தக் கட்சிக்குப் புது ஆளை நிறுத்த ஏழு நாள். எங்கள் விஷயத்தில் அந்த விதி இருந்திருந்தாலும் தேர்தல் நின்றுதான் இருக்கும், கருப்பையா பெரிய கட்சி வேட்பாளர், பதவியில் இருந்த உறுப்பினர். ஆகவே நிறுத்தியதை நான் குறை சொல்லவில்லை.

குறை, மறுதேதியைப் பற்றியது. தள்ளிப்போன தேர்தலைப் புதன்கிழமை வைத்ததற்கு நிர்வாகக் காரணங்கள் இருந்திருக்கலாம். இங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. வியாழன் இரவு பஸ் ஏறி, வெள்ளி ஊரில் இருந்து, சனிக்கிழமை போட்டுவிட்டு இரவே திரும்ப முடிகிற ஒரு நாளைக் கண்டுபிடித்திருந்தால் அந்த அக்காவின் வீட்டில் பஞ்சாயத்து நடந்திருக்காது. அதோடு, புது வேட்புமனு நாளிலாவது பழைய வேட்பாளர்கள் விலகிக்கொள்ள ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கலாம். வேட்பாளர் பட்டியலைத்தான் அன்று மறுபடி திறக்கிறோமே, பாட்டியின் தராசை அன்றே எடுத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? ஆனால் பதவியேற்பு அன்று மாலைதான், கூட்டு உறுதியானதே அப்போதுதான். சில மணி நேர இடைவெளி. இதற்கு யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கெடாவில் அப்போது சட்டமன்றத்தைக் கலைக்கவில்லை, ஆகக் கையில் ஒரே தாள். ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அடியோடு போயிற்று. எங்கள் தாமானின் சாக்கடையைப் பற்றிக் கேட்க நாங்கள் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, நகராண்மைக் கழக உறுப்பினரை நியமிக்கிறார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த ஒரே தாளுக்காகத்தான் ஒருவன் இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது.

டிசம்பர் 8 காலையில் மாவு விற்கும் அக்கா வந்தார். சின்னவன் இரவே பஸ் ஏறிவிட்டானாம், விரலில் ஒட்டிய மை அழியவே இல்லையாம். பெரியவனின் ஐசி நகலை என் மேசையில் வைத்து, முகவரி மாற்ற என்னென்ன வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். இரண்டு இடம் போக வேண்டும் என்றதும், அவனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாநிலத் தேர்தலுக்கு அந்த நகலை எடுத்து எண்ணைத் தட்டினேன். அதே தமிழ்ப்பள்ளி, அதே லயத்து முகவரி, சாலுரான் மட்டும் மாறியிருந்தது.